மூடிய பள்ளிக்கூடத்தில் ஒரு வேலைநிறுத்தம்: 2021இல் ஆசிரியர் சங்கங்களை இலங்கை மக்கள் எப்படிப் பார்த்தார்கள்?

பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது. கொரோனா பரவுகிறதென்று பூட்டியது அரசு. பிள்ளைகள் வீட்டில். இந்த நிலையில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்றால், அவர்கள் நிறுத்துவது எந்த வேலையை?

2021 ஜூலையில் இலங்கையில் பலரைக் குழப்பிய கேள்வி இது. ஜூலை 12 முதல் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகுவதாக ஆசிரியர், அதிபர் சங்கங்கள் கூட்டாக அறிவித்தன. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே அதிபர் என்றால் தலைமையாசிரியர், நாட்டுத் தலைவர் அல்ல.) நூறு நாளைத் தாண்டி அது நீடித்தது. "எங்கட டீச்சர் பாவம்" என்ற இரக்கமும் "இந்தச் சங்கக்காரர் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறார்கள்" என்ற கோபமும் அந்த நாட்களில் ஒரே வீட்டில் இருந்தன. சில வேளை ஒரே ஆளிடமே இருந்தன. அந்த இரட்டை மனத்தை விளங்கிக்கொள்ள, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மூடியது யார், எப்போது?

2020 மார்ச் நடுப்பகுதியில் அரசு எல்லாப் பாடசாலைகளையும் மூடியது. ஜூலையில் படிப்படியாகத் திறந்து ஓகஸ்டில் ஓரளவு வழமைக்கு வந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய்த் தொற்று கொத்தாக வெடித்ததும் மறுபடி பூட்டு. 2021 ஜனவரியில் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்துக்கு வெளியே திறந்தார்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மூன்றாம் அலை வந்தது. ஏப்ரல் கடைசியில் மூடிய கதவுகள் ஒக்டோபர் 21 வரை திறக்கவேயில்லை.

இந்த முடிவுகள் எல்லாமே அரசும் சுகாதார அதிகாரிகளும் எடுத்தவை. சங்கங்கள் மூடச் சொல்லி மூடியவை அல்ல. "ஆசிரியர்கள் நூறு நாள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்" என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அவர்கள் நிறுத்தியது, மூடிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை.

அந்த மாற்று எப்படி இருந்தது?

'ஒன்லைன் வகுப்பு' என்றதும் சூம் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிள்ளைகள் வரிசையாக இருக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் அப்படி நடந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வட்ஸ்அப்தான். ஆசிரியர் கொப்பியில் பாடத்தை எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போடுவார். அதன் கீழே ஒரு குரல் பதிவு: "பிள்ளைகள், மூன்றாவது கணக்கைச் செய்துபோட்டு அனுப்புங்கோ." வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு அவர் வந்த பிறகு பிள்ளை அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, பார்த்து எழுதும். விடையை அனுப்ப ஒன்பது, பத்து மணியாகும். நாற்பது பிள்ளைகளின் மங்கலான கொப்பிப் படங்களை ஆசிரியர் தன் போனில், தான் ரீலோட் போட்ட டேட்டாவில் திறந்து பார்ப்பார்.

போன் அவருடையது, டேட்டா அவருடையது, நேரமும் அவருடையது. இதற்கென்று தனிக் கொடுப்பனவு கிடையாது. சங்கங்களின் வாதம் முழுக்க இங்கிருந்துதான் எழுந்தது: இது எங்கள் நியமனக் கடிதத்தில் உள்ள கடமையல்ல, நல்லெண்ணத்தில் செய்கிற வேலை, ஆகவே விலகவும் முடியும். அரசின் பதில் இன்னும் சுருக்கமானது: மாதச் சம்பளம் முழுதாக வருகிறது, அப்படியென்றால் கற்பிக்க வேண்டும்.

மக்கள் மனத்தில் இரண்டு வாதங்களும் ஒட்டின. எனக்கென்னவோ சங்கத்தின் வாதம் நியாயமானதாகவும், அரசின் வாதம் எளிதாகப் பரவக்கூடியதாகவும் படுகிறது. பெட்டிக்கடை வாசலில் இரண்டாவதுதான் வெல்லும்.

சரி, பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்த வகுப்பு எட்டியது? நாட்டில் ஐந்தில் ஒரு வீட்டில்தான், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், கணினி இருந்தது. சுமார் 43 லட்சம் மாணவர்களில் 40 சதவீதம் பேரால்தான் ஒன்லைனில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அந்த நாட்களில் சொன்னார். (அது அவருடைய உண்மையான பெயர்தான்.) பொகிட்டியாவ என்ற காட்டோரக் கிராமத்தில் ஓர் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகப் பாறை உச்சிக்கு ஏறிப் போன செய்தி உலகம் முழுக்கப் போனது. அந்த ஆசிரியையைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது. பகிஷ்கரிப்பு தொடங்குவதற்கு முன் பொதுமக்கள் மனத்தில் இருந்த 'ஆசிரியர்' படம் அதுதான்.

'சம்பள முரண்பாடு' என்றால் என்ன?

இலங்கைச் செய்திகளில் அடிக்கடி வந்து, விளக்கப்படாமலே போகிற சொல் இது. சம்பளம் குறைவு என்பது வேறு, முரண்பாடு என்பது வேறு. ஒரே அளவு தகுதியும் பொறுப்பும் உள்ள இரண்டு அரச சேவைகளில் ஒன்று மேலே போய், மற்றது பின்தங்கினால் அதுதான் முரண்பாடு. 1997இல் பி.சி. பெரேரா சம்பள ஆணைக்குழுவின் திருத்தங்களோடு ஆசிரியர், அதிபர் சேவைகள் தமக்கு நிகராக இருந்த சேவைகளை விடக் கீழே இறங்கிவிட்டன என்பது சங்கங்களின் முறைப்பாடு. 2021இல் மேடைக்கு மேடை கேட்ட '24 ஆண்டு' என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. இடையில் வந்த அரசாங்கங்கள் குழு போட்டன. கடைசியாக வந்த சுபோதினி குழு அறிக்கை, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஓர் அளவையும் சொன்னது.

கோரிக்கை நியாயம் என்பதை அரசுத் தரப்பும் பெரிதாக மறுக்கவில்லை. அவர்கள் சொன்னது, இது அதற்கான நேரமில்லை என்பதுதான். சுற்றுலா நின்றுவிட்டது, டொலர் இல்லை, நோய் பரவுகிறது, இப்போதா கேட்பது? பல பெற்றோரும் ஏறத்தாழ இதையே கேட்டார்கள். 24 ஆண்டு காத்தவர்கள் இன்னும் ஓர் ஆண்டு காத்தால் என்ன? சங்கத்தின் கணக்கு நேர்மாறாக இருந்தது. 24 ஆண்டும் ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் வந்தது.

கொழும்பிலிருந்து கேப்பாப்பிலவுக்கு

சம்பளத்துக்காக மட்டும் தொடங்கியிருந்தால் ஆதரவு எவ்வளவு இருந்திருக்கும் என்பது சந்தேகம்தான். பகிஷ்கரிப்பை மூட்டிவிட்டது வேறொரு விஷயம்.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை அப்போது அரசு கொண்டுவந்தது. கட்டணம் வாங்கும் உயர்கல்விக்கும், கல்வியில் இராணுவத்தின் கைக்கும் அது வழிதிறக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, இலங்கையில் எந்தக் கட்சியும் கைவைக்கத் தயங்கும் சொத்து. 2021 ஜூலை 8 அன்று நாடாளுமன்றத்துக்கு அருகே எதிர்த்தவர்களைப் பொலிஸ் கைது செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் சுகாதாரத்தைக் காரணம் காட்டி ஆர்ப்பாட்டங்களுக்குத் தடை வந்திருந்தது. நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஆனால் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோரை வீட்டுக்கு விடாமல், 'தனிமைப்படுத்தல்' என்று சொல்லி முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். ஏறத்தாழ ஒரு வாரம் அங்கே வைத்திருந்தார்கள்.

கேப்பாப்பிலவு என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. இராணுவத்தின் கையில் இருக்கும் தங்கள் காணிக்காக அவ்வூர்ச் சனங்கள் வீதியோரம் கொட்டகை போட்டு ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். தெற்கில் அதிகம் பேர் கேள்விப்படாத அந்த ஊர், ஓர் ஆசிரியர் சங்கத் தலைவரைக் கொண்டுபோய் வைத்ததால் சிங்களச் செய்திகளிலும் அன்றாடம் அடிபட்டது. இது வினோதமான ஒரு திருப்பம், வடக்கில் இதைக் கவனிக்காமல் விடவில்லை.

நோய்த் தடுப்புக்கான சட்டத்தைப் போராட்டத்தை அடக்க எடுத்தது அரசு செய்த மிகப் பெரிய கணக்குப் பிழை. அதுவரை 'சம்பளம் கேட்கிறார்கள்' என்று பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் 'ஆளைப் பிடித்து அடைக்கிறார்கள்' என்று பார்க்கத் தொடங்கினார்கள். கைதுகளுக்கு நான்கு நாளுக்குப் பிறகு ஒன்லைன் விலகல் தொடங்கியது. முதலில் கைதானவர்களின் விடுதலையும் சட்டமூலமும் முன்னால் நின்றன. அவர்கள் வெளியே வந்த பிறகு சம்பள முரண்பாடு முன்வரிசைக்கு வந்தது. கோரிக்கை இப்படி நகர்ந்ததை எதிராளிகள் சும்மா விடவில்லை. "இவர்களுக்குச் சம்பளம் ஒரு சாட்டு, உள்ளே அரசியல்" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது.

பெற்றோர் எங்கே நின்றார்கள்?

'மக்கள் ஆதரித்தார்கள்' என்றோ 'வெறுத்தார்கள்' என்றோ ஒரு சொல்லில் முடிக்க முடியாது. பகிஷ்கரிப்பு எந்த வீட்டிலிருந்து எதைப் பறித்தது என்பதைப் பொறுத்து மனநிலை மாறியது.

1. பாடமே எட்டாத வீடுகள். மலையகத் தோட்டங்கள், வன்னியின் உட்கிராமங்கள், ஊவாவின் மலைச்சரிவுகள். இங்கே பல பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே படிப்பு நின்றுவிட்டது. ஜூலையில் நிறுத்த எதுவும் மிச்சமில்லை. இந்தப் பெற்றோருக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது சங்கத்தின் மேல் குறிப்பாகத் திரும்பவில்லை. ஒரு வகையில் பகிஷ்கரிப்பு காலம்தான் கொழும்புப் பிள்ளையும் லுணுகலைப் பிள்ளையும் ஒரே நிலைக்கு வந்த காலம். கசப்பான சமத்துவம்.

2. பரீட்சை வீடுகள். கடுமையான எதிர்ப்பு இங்கிருந்துதான் வந்தது. இலங்கையில் ஒரு குடும்பத்தின் நாட்காட்டி மூன்று பரீட்சைகளைச் சுற்றி ஓடும்: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், பதினோராம் ஆண்டில் சாதாரண தரம், பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரம். சங்கங்கள் கற்பித்தலிலிருந்து மட்டும் விலகவில்லை, பரீட்சை விண்ணப்பங்களை உறுதிப்படுத்தும் வேலையிலிருந்தும் விலகின. அதிபரின் கையொப்பமும் முத்திரையும் இல்லாமல் பாடசாலை மாணவரின் விண்ணப்பம் போகாது. இறுதித் திகதியைத் தள்ளிப்போட்டார்கள். ஆனாலும் நிரப்பிய படிவத்தை வைத்துக்கொண்டு அதிபரைத் தேடி அலைந்த தாய்க்கு, பி.சி. பெரேரா ஆணைக்குழு பற்றி எடுத்துச் சொன்னால் காதில் ஏறுமா?

3. டியூஷன் கட்டக்கூடிய வீடுகள். இவர்களுக்குப் பெரிதாக நட்டமில்லை. தனியார் வகுப்புகள் ஒன்லைனில் ஓடிக்கொண்டேயிருந்தன. ஆனால் சங்கத்தின் பெயருக்கு ஆழமான காயம் இங்கேதான் பட்டது. காலையில் பாடசாலை வகுப்பைப் பகிஷ்கரிக்கும் ஆசிரியர், மாலையில் கட்டண வகுப்பை சூமில் நடத்துகிறார் என்றால் அதை எப்படி விளங்கப்படுத்துவது? எல்லா ஆசிரியரும் டியூஷன் கொடுப்பவர்கள் அல்ல. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளில் பலருக்கு அந்த வருமானம் கிடையாது. டியூஷன் உலகின் பெரும் நட்சத்திரங்களில் பலர் அரச ஆசிரியர்களே அல்ல. இந்த வேறுபாடெல்லாம் முகப்புத்தகப் பதிவுக்குள் அடங்காது. 'பாடசாலையில் போராட்டம், டியூஷனில் வருமானம்' என்ற ஒரு வரி அடங்கும். சங்கங்கள் இதற்குச் சரியான பதில் சொல்லவில்லை என்பது என் கணிப்பு. உறுப்பினர்கள் கட்டண வகுப்புகளையும் அந்த நாட்களில் நிறுத்த வேண்டும் என்று ஊருக்கு ஊர் உறுதியாகச் சொல்லியிருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும்.

4. அரச ஊழியர் வீடுகள். கிராம சேவகர், தபால்காரர், தாதியர் குடும்பங்களுக்குச் சம்பள முரண்பாடு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை, அவர்களிடமும் ஒன்று உண்டு. ஆனாலும் ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு அங்கிக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றவர்களிடம் "நாங்கள் வீட்டிலிருந்து போராடுகிறோம்" என்பது எடுபடவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், நான்கு வகையிலும் பொதுவானது. கோபப்பட்டவர்களும் தங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியையைத் திட்டவில்லை. "அவ என்ன செய்வா, மேலிடத்து முடிவு" என்பார்கள். பல ஆசிரியைகள் பகிஷ்கரிப்பின்போதும் குழுவில் போடாமல், கேட்ட பிள்ளைக்குத் தனியாக விளக்கம் அனுப்பினார்கள். தெரிந்த முகத்துக்கு மன்னிப்பு, முகமற்ற அமைப்புக்குப் பழி. இந்தப் பிளவில்தான் அரசு ஆப்பு வைக்கப் பார்த்தது.

ஆப்பு எப்படி வைக்கப்பட்டது?

ஆசிரியர்களில் பெரும்பாலானோர் கற்பிக்கத் தயார், ஒரு சில சங்கத் தலைவர்கள்தான் தடுக்கிறார்கள் என்பது ஆளுந்தரப்பின் நிலையான வசனம். ஓகஸ்டில் டெல்டா அலை உச்சத்துக்கு ஏறி, மாதக் கடைசியில் ஒரு நாள் மரணம் 200ஐத் தாண்டியபோது அதோடு இன்னொன்று சேர்ந்தது: ஆசிரியர்களின் ஆர்ப்பாட்டங்களும் வாகனப் பேரணிகளும்தான் நோயைப் பரப்பின என்ற குற்றச்சாட்டு. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடே முடக்கத்தில் இருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு ஜூலையில் வீதியில் பார்த்த கூட்டம் ஞாபகம் வருவது இயல்பு.

பிறகு பண ஆசை. செப்டம்பர், ஒக்டோபர் இரண்டு மாதங்களுக்கும் தலா 5,000 ரூபாய் கொடுப்பனவு தருவதாக அரசு அறிவித்தது. சங்கங்கள் ஏற்கவில்லை. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. "5,000 ரூபாயை வேண்டாம் என்கிறார்கள்" என்ற செய்தி சிலருக்குத் திமிராகத் தெரிந்தது. வேறு சிலருக்கு அது, இவர்கள் காசுக்காக மட்டும் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தெரிந்தது.

மற்ற நாடுகளில் கேள்வியே வேறு

இதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆசிரியர் சங்கங்கள் கடும் திட்டு வாங்கின. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இலங்கையையும் அதே கண்ணாடியால் பார்ப்பது தவறு.

அங்கே சங்கங்கள் சொன்னது: நேரில் வகுப்பு வேண்டாம், பாதுகாப்பில்லை, ஒன்லைனில் கற்பிக்கிறோம். 2021 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தில் பல ஆரம்பப் பாடசாலைகள் விடுமுறை முடிந்து திறந்தன. பாதுகாப்பற்ற இடத்தில் வேலை செய்ய மறுக்கும் சட்ட உரிமை உங்களுக்கு உண்டு என்று தேசியக் கல்விச் சங்கம் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருந்தது. அன்று மாலையே பிரதமர் போரிஸ் ஜோன்சன் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தார். காலையில் 'சோம்பேறிகள்' என்று பழி கேட்டவர்கள் மாலையில் சரியாகிப்போனார்கள். சிகாகோவில் 2022 ஜனவரியில் ஒமிக்ரோன் பரவியபோது, வாக்களித்த சங்க உறுப்பினர்களில் 73 சதவீதம் பேர் ஒன்லைனுக்கு மாற வாக்களித்தார்கள். நகர நிர்வாகம் ஒன்லைனுக்கு அனுமதிக்காமல் வகுப்புகளையே நிறுத்தியது. ஐந்து பள்ளி நாட்கள் போயின.

இலங்கையில் சண்டை தலைகீழ். பள்ளிக்கூடத்தை அரசு மூடியிருந்தது, சங்கம் நிறுத்தியது ஒன்லைனை. இங்கே நோய்ப் பயம் மைய வாதமே அல்ல. ஆனால் ஒரு பொதுத்தன்மை உண்டு. அமெரிக்காவில் பிடிகே என்ற கல்வியாளர் அமைப்பு 2022இல் எடுத்த கருத்துக்கணிப்பில் 54 சதவீதம் பேர் தங்கள் ஊர் அரசுப் பள்ளிகளுக்கு 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுத்தார்கள். அந்தக் கணிப்பில் 1974க்குப் பிந்திய 48 ஆண்டுகளில் அதுவே அதிகம். இத்தனை சண்டைக்குப் பிறகும்! பக்கத்துப் பள்ளிக்கு நல்ல மதிப்பெண், தொலைவில் உள்ள அமைப்புக்குத் திட்டு. நம்மூர் "டீச்சர் பாவம்" அங்கேயும் இருக்கிறது.

முடிந்த விதம்

ஒக்டோபர் நடுப்பகுதியில் பிரதமர் மகிந்த ராஜபக்ச சங்கங்களோடு பேசினார். சுபோதினி குழு சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கை முதலில் தருவது என்பது அரசின் நிலை. 200க்கும் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவைத் திறக்க அரசு ஒக்டோபர் 21ஐக் குறித்தது. சங்கங்கள் 25ஆம் திகதிதான் வருவோம் என்றன. நான்கு நாள் வித்தியாசம், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதம். அரசு குறித்த நாளில் போனால் பணிந்ததாகும், தாங்கள் குறித்த நாளில் போனால் திரும்பியதாகும் என்பது சங்கக் கணக்கு. பெற்றோரில் பலருக்கு இந்த நான்கு நாள் எரிச்சலைக் கிளப்பியது.

வேலைக்குத் திரும்பிய பிறகும் பாடசாலை நேரம் முடிந்ததும் ஆர்ப்பாட்டங்கள் தொடர்ந்தன. கற்பித்தல் நடந்துகொண்டிருந்ததால் இந்தக் கட்டத்தில் ஆதரிப்பது பெற்றோருக்குச் சுலபமாக இருந்தது. நவம்பர் 12 அன்று வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச, முரண்பாட்டை ஒரே தடவையில் தீர்க்க 30,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார். மூன்று தவணை பேச்சு போய், மொத்தமாகவே கிடைத்தது. 2022 ஜனவரியிலிருந்து சம்பளம் கூடியது.

பிள்ளைகள் பக்கம் கணக்கு இப்படி: 2021ஆம் ஆண்டுக்கான புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியில், உயர்தரம் பெப்ரவரியில், சாதாரண தரம் மே மாதக் கடைசியில் நடந்தன. இந்தத் தாமதத்தில் எவ்வளவு நோயால், எவ்வளவு பகிஷ்கரிப்பால் என்று பிரித்தெடுப்பது கஷ்டம். பெருமளவு மூடலால்தான் என்பேன். பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு அந்தப் பிரிப்பு எதற்கும் உதவாது என்பதும் உண்மை.

கூடிய சம்பளம் என்ன ஆனது? ஜனவரியில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைத் தாங்கிப்பிடிப்பதைக் கைவிட்டார்கள், ஆண்டின் நடுவில் டொலர் 360 ரூபாய்க்குப் போனது. அரிசி, மா, பால்மா விலையெல்லாம் அதோடு ஏறியது. ஜூனில் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடத் தொடங்கின. முடிந்தவர்கள் ஒன்லைனில் கற்பியுங்கள் என்று அமைச்சு கேட்டது. பூட்டிக் கிடந்த வட்ஸ்அப் குழுக்களை ஆசிரியர்கள் திறந்தார்கள். போன் அவர்களுடையது, டேட்டாவும் அவர்களுடையதுதான்.